அமாங் மணலும் எம்ஆர்ஐ காந்தமும்

ஈப்போவிலிருந்து தென்மேற்கே மெங்லெம்புவைத் தாண்டினால் லகாட். ஒரு பக்கம் கிளேடாங் மலைத்தொடர், மறுபக்கம் கிந்தா பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தைத் தாங்கியவை இரண்டு: ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமும். ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு இங்கே அமாங் என்று பெயர். கருப்பும் பழுப்பும் மஞ்சளும் கலந்த அந்த மணலை ஆலையில் காயவைத்து, காந்த உருளைகளின் மேல் மெல்லிய படலமாக ஓடவிடுவார்கள். இல்மனைட்டின் கரிய மணிகள் முதலில் இழுபடும். காந்தத்தின் வலுவைக் கூட்டினால் மோனசைட்டின் மஞ்சள் மணிகளும் விலகி வரும். சிர்க்கான் எதற்கும் அசையாமல் நேராகக் கீழே விழும்.

மோனசைட் ஏன் காந்தத்துக்கு இணங்குகிறது? அதற்குள் நியோடிமியம், சமாரியம், கடோலினியம் முதலிய அருமண் தனிமங்கள் இருக்கின்றன. பெரும்பாலான பொருள்களில் மின்னணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடும். இந்தத் தனிமங்களில் இணை சேராத மின்னணுக்கள் மிஞ்சுகின்றன. கடோலினியம் அயனியில் மட்டும் அப்படி ஏழு. லகாட் வட்டாரத்து அமாங் ஆலையில் மணலைப் பிரிக்க உதவிய இதே பண்புதான் மருத்துவமனையில் மூளைக் கட்டியைச் சுட்டிக்காட்டவும் உதவுகிறது. எம்ஆர்ஐ எடுக்கும் முன் சிலருக்குக் கையில் ஏற்றப்படும் மருந்தில் இருப்பது கடோலினியம். தள்ளிச் செல்லக்கூடிய புதிய வகைச் சிறு கருவிகளின் காந்தத்தில் இருப்பது நியோடிமியம்.

லகாட்டுக்கும் எம்ஆர்ஐ கருவிக்கும் உள்ள உறவு மணலோடு முடிவதில்லை. ரப்பரும், ரப்பருக்குப் பின் வந்த செம்பனையும், எம்ஆர்ஐக்கு அடிப்படையான காந்த ஒத்திசைவு முறையால் சோதிக்கப்படும் பொருள்கள்தாம். மருத்துவமனைக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த முறை மெழுகையும் தண்ணீரையும் ரப்பரையும் ஆராய்ந்துகொண்டிருந்தது. உடலைப் படம் பிடிக்கும் வழி அந்த ஆய்விலிருந்துதான் பிறந்தது.

கருவி உண்மையில் எதை அளக்கிறது என்று முதலில் பார்க்கலாம்.

தண்ணீரிலும் கொழுப்பிலும் ரப்பரிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான். அது ஒரு நுண்ணிய காந்தம். வெளியிலிருந்து வலுவான காந்தப்புலம் ஒன்றைக் கொடுத்தால், புரோட்டான்கள் அந்தப் புலத்தின் அச்சைச் சுற்றித் திட்டமான வேகத்தில் சுழலத் தொடங்கும். ஒரு டெஸ்லா புலத்தில் அந்த வேகம் விநாடிக்கு 4 கோடியே 26 லட்சம் சுற்று, அதாவது 42.6 மெகாஹெர்ட்ஸ். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியில் இது 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லா கருவியில் 128. மின்னல் எஃப்எம் ஒலிக்கும் பண்பலைப் பட்டை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் எம்ஆர்ஐ அறையின் சுவரையும் கூரையையும் செம்புத் தகடு போன்ற உலோக உறையால் மூடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் வானொலி அலை ஒரு துளி கசிந்தாலும் படத்தில் கோடு விழும்.

உடலிலிருந்து கிடைக்கும் குறிகை அவ்வளவு மெலிதானது. 1.5 டெஸ்லா புலத்தில்கூட, பத்து லட்சம் புரோட்டான்களை எடுத்தால், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட ஏறத்தாழ ஐந்துதான் அதிகம். மற்றவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அந்த ஐந்தின் குரலைத்தான் கருவி கேட்கிறது. ஒரு துளி நீரில் உள்ள ஹைட்ரஜன் எண்ணிக்கை கணக்கில் அடங்காதது என்பதால் அந்த ஐந்தே போதுமானதாகிறது.

சரியான அதிர்வெண்ணில் ஒரு வானொலித் துடிப்பைச் செலுத்தினால் இந்தப் புரோட்டான்கள் எல்லாம் ஒரே கட்டத்தில் சுழல ஆரம்பிக்கும். துடிப்பு நின்றதும் அந்த ஒழுங்கு கலையும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகத்தான் புறப்படுவார்கள். வெட்டுக்காட்டுக்குள் போகப்போக அவரவர் நிரைக்கு அவரவர் வேகத்தில் பிரிந்துவிடுவார்கள். புரோட்டான்களின் கதையும் அதுவே. அவை பிரிந்து போக எடுக்கும் நேரத்துக்கு டி2 என்று பெயர். மறுபடியும் புலத்தின் திசைக்குத் திரும்பி நிலைகொள்ள எடுக்கும் நேரம் டி1.

இந்த இரண்டு நேரங்களும் பொருளுக்குப் பொருள் மாறுகின்றன. மூலக்கூறு எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதைப் பொறுத்து மாறுகின்றன. தூய நீரில் மூலக்கூறுகள் தடையின்றிப் புரள்வதால் டி2 இரண்டு விநாடியைத் தாண்டும். தசைக்குள் இருக்கும் நீர் புரதங்களோடு உரசிக்கொண்டே இருப்பதால் அங்கே அது சில பத்து மில்லி விநாடிகளாகச் சுருங்கும். பதப்படுத்திய ரப்பரில் சில மில்லி விநாடிகள். உறைந்த கொழுப்பில் மில்லி விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். எம்ஆர்ஐ படத்தில் தெரியும் கருப்பும் வெள்ளையும் சாம்பலும் பெரும்பாலும் இந்த நேர வேறுபாடுகளின் நிறங்கள். எக்ஸ்-கதிர் படத்தில் பொருளின் அடர்த்தி தெரிகிறது என்றால், இங்கே அதன் அசைவு தெரிகிறது.

இதை முதலில் கண்டவர்கள் உடலைத் தேடிப் போனவர்கள் அல்லர். 1945 டிசம்பரில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல், ஹென்றி டாரி, ராபர்ட் பவுண்ட் மூவரும் பாரஃபின் மெழுகில் இந்தக் குறிகையைக் கண்டனர். சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரில் கண்டது. பர்செலும் பிளாக்கும் 1952இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1953இல் ஹெர்பர்ட் குடோவ்ஸ்கியும் எல்.எச். மேயரும் இயற்கை ரப்பரின் புரோட்டான் ஒத்திசைவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பால்மரத்தின் பால், இந்தத் துறையின் குழந்தைப் பருவத்திலேயே காந்தத்துக்குள் போய்விட்டது.

இந்தியாவிலும் அதே காலத்தில் ஒரு முக்கியமான அடி எடுத்துவைக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் 1951இல், குழாயில் ஓடும் திரவத்தில் ஒத்திசைவுக் குறிகை எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதினார். நின்ற திரவத்தில் துடிப்புகளால் களைத்துப்போன புரோட்டான்களே திரும்பத் திரும்பக் கேட்கப்படும். ஓடும் திரவத்தில் புதிய புரோட்டான்கள் வந்துகொண்டே இருப்பதால் குறிகை கூடும். இன்று எந்த மருந்தும் ஏற்றாமல் மூளையின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறை ஒன்று இதே விளைவை நம்பி நடக்கிறது. சூர்யன் அளந்தது குழாயில் ஓடிய திரவத்தை.

படம் என்ற எண்ணத்தை எழுப்பிய பால் லாட்டர்பர் தம் தொழில் வாழ்க்கையைத் தொடங்கியதே ரப்பரில்தான். 1951இல் பட்டம் பெற்றதும் பிட்ஸ்பர்க் நகரின் மெலன் நிறுவனத்தில் டௌ கார்னிங் ஆய்வகத்தில் சேர்ந்து சிலிக்கோன் ரப்பரைப் பற்றி ஆராய்ந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1971 செப்டம்பரில், எலிகளின் புற்றுக் கட்டித் திசுவில் டி1, டி2 நேரங்கள் நல்ல திசுவிலிருந்து மாறுபடுவதை அளக்கும் சோதனை ஒன்றைப் பார்த்தார். திசுவை வெட்டி எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டு அளந்த சோதனை அது. வெட்டாமலே, எந்த இடத்திலிருந்து எந்தக் குறிகை வருகிறது என்று சொல்ல முடியாதா என்று அவர் யோசித்தார்.

விடை எளிமையானது. காந்தப்புலம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை எல்லாரும் பாடுபட்டார்கள். லாட்டர்பர் அதை வேண்டுமென்றே சாய்த்தார். புலம் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் இருந்தால், ஒரு முனையில் உள்ள புரோட்டான்கள் வேகமாகவும் மறு முனையில் உள்ளவை மெதுவாகவும் சுழலும். அதிர்வெண்ணைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடலாம். சாய்வின் திசையை மாற்றி மாற்றி அளந்து, நிழல் போன்ற அந்த அளவீடுகளைக் கூட்டிக் கணக்கிட்டால் படம் கிடைக்கும். 1973இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய முதல் படத்தில் இருந்தவை இரண்டு வட்டத் திட்டுகள்: நீர் நிரப்பிய, ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு கண்ணாடி நுண்குழாய்கள். அந்தக் கட்டுரையை இதழ் முதலில் திருப்பி அனுப்பியிருந்தது.

அதே 1973இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, பி.கே. கிரானலுடன் சேர்ந்து வேறொரு வாசல் வழியாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் தேடியது திடப்பொருளின் உள்ளடுக்கைக் காணும் வழி. எடுத்துக்கொண்டது கற்பூரத் தகடுகள். நோயாளியை நினைத்து அவர் தொடங்கவில்லை. பின்னர் அவர் வகுத்த அதிவேகப் படமெடுப்பு முறைதான், இன்று மூளை ஒரு வேலையைச் செய்யும்போதே அதைப் படமாக்க உதவுகிறது. லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

சென்னையிலும் இந்தத் துறை ஒரு தொழிற்பொருளின் பக்கத்தில் வளர்ந்தது. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் என். சந்திரகுமார் காந்த ஒத்திசைவு ஆய்வை நடத்தினார். அவரும் ஐஐடி மெட்ராஸின் எஸ். சுப்பிரமணியனும் சேர்ந்து 1987இல் இந்த முறையின் நுட்பங்கள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை ஜெர்மானியப் பதிப்பகமான ஸ்பிரிங்கர் வெளியிட்டது. சந்திரகுமார் பின்னர் ஐஐடி மெட்ராஸில் எம்ஆர்ஐ ஆய்வைத் தொடர்ந்தார். தோல், ரப்பர், எண்ணெய், மூளை என்று பொருள்கள் மாறினாலும் காந்தத்தின் முன் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் எவ்வளவு கட்டுண்டிருக்கிறது, எவ்வளவு விடுபட்டிருக்கிறது?

ரப்பரை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு நேரடியான பொருள் உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து பேராக்கில் பரவிய மரத்தின் பால், நீரில் மிதக்கும் ரப்பர் துகள்களின் கலவை. மங்கில் சேரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகமாக ரப்பர் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி நீர். தொழிலாளியின் கூலியும் தோட்டத்தின் கணக்கும் அந்தப் பங்கைச் சார்ந்திருந்தன. மழை நீர் கலந்த பாலும் கெட்டியான பாலும் ஒரே எடை காட்டும். உள்ளே இருக்கும் ரப்பர் ஒன்றல்ல. காந்தத்தின் முன் இவ்விரண்டும் பிரிந்துவிடும். நீரின் குறிகை நெடுநேரம் நீடிக்கும், ரப்பர் சங்கிலியின் குறிகை சீக்கிரம் மங்கும். ஒரே அளவீட்டில் இரண்டின் பங்கையும் படிக்கலாம்.

பால் உறைந்து, தகடாகி, ஆலைக்குப் போய், கந்தகத்தோடு சூடேறும்போது ரப்பர் உருமாறுகிறது. ஆயிரக்கணக்கான ஐசோப்பிரீன் அலகுகள் கோத்த நீளச் சங்கிலிகள் அதுவரை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டிருந்தன. கந்தகம் அவற்றுக்கு இடையில் குறுக்குப் பாலங்கள் போடுகிறது. பாலங்கள் குறைந்தால் டயர் இளகிவிடும், கூடினால் உடையும். பாலங்களின் எண்ணிக்கை கூடக்கூட ஹைட்ரஜனின் அசைவு குறைகிறது, டி2 சுருங்குகிறது. ரப்பரை வெட்டாமலே, எரிக்காமலே பாலங்களின் நெருக்கத்தைச் சொல்லலாம்.

மலேசிய ரப்பர் தோட்டங்களின் தீர்வைப் பணத்தில் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டு அருகே பிரிக்கண்டன்பரியில் நடந்த ஆய்வுக்கூடத்தில் 1980களின் இறுதியில் இந்தக் கேள்வியின் கடினமான ஒரு வடிவம் எடுத்துக்கொள்ளப்பட்டது. டயருக்கு இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பரையும் கலக்கிறார்கள். கந்தகப் பாலங்கள் இரண்டிலும் சமமாக விழுகின்றனவா, ஒன்றிலேயே குவிகின்றனவா? எம்.ஜே.ஆர். லோட்மேனும் ஆண்ட்ரூ டிங்கரும் பதப்படுத்திய கலவையைக் கரைப்பானில் ஊறவைத்து உப்பச்செய்து காந்தத்துக்குள் வைத்தார்கள். பாலங்கள் நெருங்கிய இடத்தில் அந்த ரப்பருக்குரிய குறிகையின் முகடு அகன்று தெரியும். இரு ரப்பர்களின் முகடுகளும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், தனித்தனியே கணக்கிட முடிந்தது. அந்த ஆய்வுக்கூடம் இன்று துன் அப்துல் ரசாக் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓடும் வண்டியின் டயரைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக முடியாத சிக்கலுக்கு 1996இல் ஜெர்மனியின் ஆகன் நகரிலிருந்து விடை வந்தது. பெர்ன்ஹார்ட் புளூமிஷ் குழுவினர், பொருளைக் காந்தத்துக்குள் வைப்பதை விட்டு, காந்தத்தைப் பொருளின்மேல் வைத்தனர். கையில் பிடிக்கக்கூடிய அளவிலான இரண்டு நிலைக்காந்தங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு சிறு சுருள். மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம் வரை உள்ள ஹைட்ரஜனைத் தொடாமல் கேட்கும் இந்தக் கருவியை டயர்மீதும், பழைய ஓவியங்கள்மீதும், ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஐயாயிரம் ஆண்டுப் பழைய ‘எட்சி’ மனித உடல்மீதும் வைத்து அளந்திருக்கிறார்கள். அந்தக் காந்தங்கள் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்தவை.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை ஏறியது. அந்தச் செம்பனை எண்ணெயின் தரத்தைச் சோதிக்கவும் காந்த ஒத்திசைவு பயன்படுகிறது. செம்பனை எண்ணெய் ஒரே பொருள் அல்ல. சில கொழுப்புகள் அறை வெப்பத்தில் உறையும், சில உருகியே இருக்கும். 10 பாகை செல்சியஸில் ஏறத்தாழ பாதி திடமாக இருக்கும் எண்ணெய், 20 பாகையில் கால் பங்குதான் திடமாக இருக்கும். மார்ஜரின் ரொட்டியில் பரவுமா, சாக்லேட்டின் மேற்பூச்சு கையில் உருகுமா, குளிர்நாட்டுக் கடையில் புட்டி கலங்குமா என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பொறுத்தவை.

சோதனை நடக்கும் விதம் இது. எண்ணெயை முழுக்க உருக்கி, விரல் தடிமனுள்ள சோதனைக் குழாயில் ஊற்றுகிறார்கள். 0 பாகைக்குக் குளிர்வித்து உறையவிட்டு, பிறகு வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் வைக்கிறார்கள். குழாயைச் சிறு காந்தத்துக்குள் செருகி ஒரு வானொலித் துடிப்பு கொடுக்கிறார்கள். துடிப்புக்கு 11 மைக்ரோ விநாடி கழித்து ஒரு முறை, 70 மைக்ரோ விநாடி கழித்து ஒரு முறை குறிகை படிக்கப்படுகிறது. முதல் படிப்பில் திடமும் திரவமும் சேர்ந்தே பேசும். இரண்டாவதற்குள் திடத்தின் குரல் அடங்கி, திரவம் மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே திடத்தின் பங்கு. அளவீடு சில விநாடிகளில் முடிந்துவிடும். இதற்கு முந்தைய முறையில் எண்ணெய் விரிவடைவதைக் கண்ணாடிக் குழாயில் பார்த்து மணிக்கணக்கில் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்ரோ விநாடிகளில் எண்ணெயைப் பிரித்த அதே தத்துவம்தான், நிமிடங்களில் ஒரு பக்கவாத நோயாளியைக் காப்பாற்ற உதவுகிறது. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்பதைக் காந்தச் சாய்வுகளால் அளக்கும் முறையை எட்வர்ட் ஸ்டெஸ்கலும் ஜான் டானரும் 1965இல் சோதனைக் குழாய் ஆய்வுக்காக வகுத்தனர். 1980களின் நடுவில் டெனி லெ பியான் அதை மூளைக்குக் கொண்டுவந்தார். மூளைக்குள் ரத்தம் தடைபட்டதும் உயிரணுக்கள் வீங்கி, நீர் பரவ இடமில்லாமல் நெருக்கப்படும். சாதாரணப் படத்தில் எதுவும் தெரியாத அந்தத் தொடக்க நேரத்திலேயே பரவல் படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். 1990இல் பூனைகளில் இது உறுதியானது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான் என்பதால் இந்தப் படத்தின் மதிப்பு பெரியது.

படத்தை நுணுக்கும் முயற்சியும் பக்கத்திலேயே நடந்தது. 1986இல் ஜேம்ஸ் அகுவாயோவும் சகாக்களும் தவளையின் ஒற்றை முட்டையைப் படமெடுத்து, அதன் கருவையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் பிரித்துக் காட்டினார்கள். ஒற்றை உயிரணுவின் உள்ளே காந்த ஒத்திசைவுப் படமெடுப்பு நுழைந்தது அதுவே முதல் முறை.

சில கட்டிகளுக்கும் சுற்றியுள்ள நல்ல திசுவுக்கும் இயல்பான நேர வேறுபாடு போதாது. அங்கேதான் கடோலினியம் வருகிறது. ஒரு மின்னணுவின் காந்தம் புரோட்டானின் காந்தத்தைவிட 650 மடங்குக்கு மேல் வலியது. கடோலினியத்திடம் அப்படி ஏழு. அதன் அருகில் வரும் நீர் மூலக்கூறின் புரோட்டான் மிக விரைவாக நிலைகொள்ளும், டி1 சுருங்கும், படத்தில் அந்த இடம் வெளுக்கும். மூளைக் கட்டியில் ரத்தக் குழாய்ச் சுவர் கசிவதால் மருந்து அங்கே தேங்கி, கட்டியின் எல்லை தெளிவாகிறது. தனி அயனியாகக் கடோலினியம் நச்சு. கால்சியத்தின் பாதைகளை அது அடைத்துவிடும். ஆகவே அதை ஒரு கரிமக் கூண்டுக்குள் பூட்டித் தருகிறார்கள். பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மன் குழு உருவாக்கிய முதல் மருந்து 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கூண்டு எப்போதும் இறுகி நிற்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் மருந்து உடலில் நெடுநாள் தங்கி, கூண்டு அவிழ்ந்து, தோலும் மூட்டும் கல்லாக இறுகும் நோய் வருவது 2006இல் தெரியவந்தது. சில ஆண்டுகளில், சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களின் மூளையிலும் சிறிதளவு கடோலினியம் படிவது கண்டறியப்பட்டது. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017இல், திறந்த சங்கிலி அமைப்பு கொண்ட கூண்டு மருந்துகள் பலவற்றை நிறுத்தியது. இன்று பெரும்பாலும் வளைய அமைப்பு கொண்ட உறுதியான கூண்டுகளையே மருத்துவர்கள் தேர்கிறார்கள். எம்ஆர்ஐ எடுக்கும் முன் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இனி மணலுக்கு வருவோம். அருமண் இருக்கும் மோனசைட்டில் தோரியமும் இருக்கும். தோரியம் கதிரியக்கப் பொருள். அது பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்குகொண்ட ஏசியன் ரேர் எர்த் ஆலை, லகாட் வட்டாரத்தின் புக்கிட் மேராவில் 1982இல் மோனசைட்டிலிருந்து அருமண் எடுக்கத் தொடங்கியது. தோரியக் கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பது அப்போது முடிவாகவில்லை. முதலில் பாரிட், பிறகு பாப்பான் என்று இடம் தேடினார்கள். 1984இல் பாப்பான் மக்கள் தெருவில் இறங்கித் தடுத்தார்கள்.

1985இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு இடைக்காலத் தடை வந்தது. 1987இல் ஆலை மறுபடி ஓடியது. பிறவிக் குறைபாடுகளையும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயையும் ஊரார் ஆலையோடு சேர்த்துச் சொன்னார்கள். ஆலைத் தரப்பு அதை ஏற்கவில்லை. 1992 ஜூலை 11 அன்று உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் நிறுவனமே மூடுவதாக அறிவித்தது. ஆலையைப் பிரித்து, கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் கட்டிய பொறியியல் குழிக்குள் அடைத்தார்கள். 2011இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்தத் துப்புரவுப் பணியின் செலவை 10 கோடி அமெரிக்க டாலர் என்று எழுதியது.

கடோலினியத்தால் கட்டியின் எல்லையைக் கண்ட அறுவை மருத்துவரின் வெற்றியும், வீட்டுக்கு அருகே கழிவை வைத்துக்கொண்டு வாழ்ந்த புக்கிட் மேரா குடும்பங்களின் இழப்பும் ஒரே தனிமக் குடும்பத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. முதலாவதை அறிவியல் என்றும் இரண்டாவதை அரசியல் என்றும் பிரித்து எழுதினால் கணக்கு நேராகாது.

கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது, ஏனென்றால் அருமண் மேல் எம்ஆர்ஐக்கு உள்ள தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. வழக்கமான கருவியின் மீக்கடத்துக் காந்தத்தை மைனஸ் 269 பாகையில் வைத்திருக்க ஆயிரம் லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம் தேவைப்படும். விலை, இடம், மின்சாரம் எல்லாமே அதிகம். நிலைக்காந்தத்துக்கு ஹீலியம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் தலைக்கருவி 0.064 டெஸ்லா வலுவுள்ளது. அதைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் படுக்கைக்கே போகலாம். 2022இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் வடிவமைத்த சிறு நிலைக்காந்தக் கருவி, உகாண்டாவின் எம்பராரா பல்கலைக்கழகத்தில் அங்குள்ளவர்களின் கையாலேயே கோக்கப்பட்டது. 2024 மே மாதம் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் எட் வூ குழு, 0.05 டெஸ்லா நியோடிமியக் காந்தத்தால் முழு உடலையும் படமெடுத்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. அதற்கு உலோக உறையிட்ட தனி அறை வேண்டியதில்லை. சுவரில் உள்ள சாதாரண மின்செருகியே போதும். வெளி இரைச்சலைக் கணினி கற்றறிந்து கழிக்கிறது. படம் 3 டெஸ்லா கருவியின் அளவுக்குக் கூர்மையாக இராது. ஆனாலும், அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டிய ரத்தக் கசிவு இருக்கிறதா என்று கிரிக் போன்ற தொலைவூரிலேயே ஓரளவு பார்க்க முடிந்தால், ஈப்போ வரை ஆம்புலன்சில் கழியும் நேரம் மிச்சமாகும்.

அந்தக் காந்தங்களுக்கான மண்ணைத் தேடும் வேலை பேராக்கில் மறுபடியும் நடக்கிறது. ஹுலு பேராக்கின் கெனெரிங்கில் 2022இல் முன்னோடிச் சுரங்கம் தொடங்கியது. அங்கே தோண்டப்படுவது மோனசைட் அல்ல. அருமண் அயனிகள் ஒட்டியிருக்கும் களிமண். அதில் தோரியம் குறைவு. மலைச்சரிவில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தி, அருமண்ணைக் கரைத்துக் கீழே வாங்குகிறார்கள். கரைசல் எந்த நீரோட்டத்தில் போய்ச் சேரும் என்பதே இங்கே கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளில் ஒன்று காந்த ஒத்திசைவேதான். எண்ணெய்க் கிணறுகளில் பல ஆண்டுகளாகப் பயன்படும் ஆழ்துளைக் கருவியின் சிறிய வடிவங்கள் இன்று நிலத்தடி நீர் ஆய்வுக்கும் கிடைக்கின்றன. துளைக்குள் இறக்கினால், சுற்றியுள்ள மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது களிமண்ணின் நுண்துளைகளில் கட்டுண்டு நிற்கிறதா, பெரிய துளைகளில் ஓடத் தயாராக இருக்கிறதா என்பதை டி2 நேரத்தைக் கொண்டே சொல்லும். அம்மோனியத்தின் அளவை அது சொல்லாது. அதற்கு நீர் மாதிரி எடுத்து வேதிச் சோதனை செய்ய வேண்டும். கரைசல் எந்த அடுக்கில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதை, நகர்வதற்கு முன்பே இது காட்டிவிடும். புக்கிட் மேராவில் ஆலை முதலில் வந்தது, கழிவுக்கு இடம் பிறகு தேடப்பட்டது. கெனெரிங்கிலும் அதற்குப் பின் வரும் இடங்களிலும் இந்த வரிசை மாற வேண்டும்: துளைகளில் அளந்த அளவீடுகள் உரிமத்துக்கு முன்பே ஊராரின் கையில் இருக்க வேண்டும், அதுவும் அவர்கள் படிக்கும் மொழியில்.